லோக்கல்ஹோஸ்டில் மோதும் லாகின்கள்

கொல்லிமலைத் திண்ணனூர் நாட்டு மிளகை விற்க ஓர் இணையதளம், சாமைக்கு இன்னொன்று. இரண்டையும் ஒருவரே தன் மடிக்கணினியில் ஜாங்கோவில் உருவாக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மிளகுத் தளம் லோக்கல்ஹோஸ்ட்:8000 முகவரியில் ஓடுகிறது; சாமைத் தளம் லோக்கல்ஹோஸ்ட்:8001 முகவரியில். முதல் தளத்தில் லாகின் செய்துவிட்டு இரண்டாவதிலும் செய்கிறார். திரும்பி வந்தால் மிளகுத் தளம் மறுபடி கடவுச்சொல் கேட்கிறது. லாகின் நிரலை வரிவரியாகத் துருவினால் பொழுதுதான் போகும். பிழை அங்கே இல்லை.

லாகின் செய்தவரைத் தளம் அடையாளம் காண்பது பிரவுசரில் வைக்கும் குக்கியால். அந்தக் குக்கிக்கு 8000, 8001 என்ற போர்ட் எண் ஒரு பொருட்டே அல்ல. 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மொண்டுல்லி உருவாக்கிய குக்கி, எந்தப் பெயருள்ள சர்வரிலிருந்து வந்தது என்பதை நினைவில் வைக்கிறது, எந்தப் போர்ட்டிலிருந்து என்பதை அல்ல. குக்கிகள் போர்ட் வாரியாகப் பிரிந்து நிற்பதில்லை என்று 2011 ஏப்ரலில் வந்த குக்கி விதிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 6265 தெளிவாகவே எச்சரிக்கிறது. லோக்கல் ஸ்டோரேஜ் போர்ட் வாரியாகப் பிரிந்திருப்பதால், குக்கியும் அப்படித்தான் இருக்கும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். ஜாங்கோ தளங்கள் எல்லாமே இயல்பாகச் 'செஷன்ஐடி' என்ற ஒரே குக்கிப் பெயரை வைக்கின்றன. பின்னால் வந்தது முன்னதை அழித்துவிடுகிறது.

கண்டுபிடிப்பது எளிது. குரோமில் எஃப்12 அழுத்தி, அப்ளிகேஷன் பகுதியில் குக்கிகளைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டாவது தளத்தில் லாகின் செய்ய வேண்டும். அதே பெயருக்கு எதிரே மதிப்பு மாறினால் காரணம் அதுவே.

பிஎச்பி தளங்களை ஓட்ட எக்ஸ்ஏஎம்பிபி பயன்படுத்துவோருக்கு நிலைமை இதைவிட மோசம். அதன் எச்டிடாக்ஸ் கோப்புறைக்குள் இதே இரண்டு தளங்களும் பிஎச்பியில் இருந்தால், முகவரி, குக்கிப் பெயர், செஷன் கோப்புகள் சேரும் இடம் மூன்றுமே பொது. இரு தளங்களும் 'யூசர்_ஐடி' என்ற பெயரிலேயே பயனர் எண்ணைச் சேமித்தால், மிளகுத் தளத்தில் 1 என்ற எண்ணில் நுழைந்தவர் சாமைத் தளத்திலும் கடவுச்சொல் இல்லாமலே 1 ஆக நுழைந்துவிடுவார். அங்கே 1 என்பது நிர்வாகியாக இருக்கலாம். லாகின் சரியாக வேலை செய்கிறது என்ற பொய்யான நிம்மதியை இது தருகிறது. அடிக்கடி லாக்அவுட் ஆவதைவிட இதுவே ஆபத்து.

இவ்வளவுக்குப் பிறகும் லோக்கல்ஹோஸ்டை ஒதுக்கிவிட முடியாது. அமைப்பு வேலை எதுவுமின்றி ஓடுகிறது, இணையம் தேவையில்லை. பிரவுசர்கள் அதை எச்டிடிபிஎஸ் இல்லாமலே பாதுகாப்பான முகவரியாக ஏற்பதால் சர்வீஸ் வொர்க்கர், இருப்பிடம் அறிதல் எல்லாம் இயங்குகின்றன. கூகுள் கணக்கு வழி லாகினைச் சோதிக்கவும் எச்டிடிபி முகவரியில் அதற்கு மட்டும் விலக்கு உண்டு.

இன்காக்னிட்டோ ஜன்னல் உடனடி நிவாரணம். ஆனால் அந்த ஜன்னல்கள் எல்லாமே தங்களுக்குள் ஒரே குக்கிகளைப் பகிர்வதால், மூன்றாவது தளம் வந்ததும் சிக்கல் திரும்பும். ஃபயர்ஃபாக்ஸின் கன்டெய்னர் தாவல்கள் இதைவிட மேல். குக்கியின் பெயரை மாற்றுவது, ஜாங்கோவில் 'செஷன்_குக்கி_நேம்' என்ற ஒரே வரி, மோதலை நிறுத்துகிறது. இருந்தாலும் லோக்கல்ஹோஸ்டில் ஓடும் எல்லாத் தளங்களின் குக்கிகளும் அங்குள்ள எல்லா சர்வர்களுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கும். அவை குவிந்து நோட்.ஜேஎஸ் சர்வரின் 16 கேபி ஹெடர் வரம்பைத் தாண்டினால் 431 பிழை வரும்.

ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி முகவரி கொடுப்பதே சரியான வழி. 1999இலேயே சோதனைக்கென்று ஒதுக்கப்பட்ட .டெஸ்ட் என்ற முகவரிப் பின்னொட்டு இருக்க, .டெவ் முகவரியை நம்பியவர்கள் 2017 டிசம்பரில் குரோம் 63 அதற்கு எச்டிடிபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கியபோது திண்டாடினார்கள். ஆனால் மிளகு.டெஸ்ட் என்று வைக்க ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்த வேண்டும். நிர்வாகி அனுமதி இல்லாத கல்லூரி ஆய்வகக் கணினியில் மாணவரால் அது முடியாது. அங்கே மிளகு.லோக்கல்ஹோஸ்ட் கைகொடுக்கும், குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் எந்தக் கோப்பையும் திருத்தாமலே அதை அதே கணினிக்குத் திருப்பிவிடுகின்றன.

பழியை முழுக்கக் கற்பவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ரெயில்ஸ் ஒவ்வொரு திட்டத்தின் பெயரையும் செஷன் குக்கியில் தானே சேர்த்துவிடுகிறது. லாராவெல் செயலியின் பெயரிலிருந்து அதை எடுக்கிறது, அந்தப் பெயரை மாற்றியிருந்தால். ஜாங்கோவும் பிஎச்பியும் இதைச் செய்யாததற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.