லீட்ஸ் பியரும் ப்ரூஸ்டர் பெண்களும்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோஷுவா டெட்லி 1822இல் தொடங்கிய பியர் தொழிலின் ஆலையை, கார்ல்ஸ்பெர்க் நிறுவனம் 2011இல் மூடியது. அதைப் பற்றிய ஏக்க எழுத்துகளில் நுரை வருகிறது, மால்ட் வாசனை வருகிறது, அப்பாவோடு குடித்த முதல் கோப்பை வருகிறது. வேலையிழந்தவர்களின் துயரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. இழப்பின் கணக்கு ஆண் முதலாளியிடமிருந்தே தொடங்குவதுதான் உறுத்துகிறது.

1300 வாக்கில் அந்நாட்டில் ஏல் காய்ச்சியவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டு அடுப்பில் காய்ச்சி, குடித்தது போக மிச்சத்தை அக்கம்பக்கத்தில் விற்றார்கள். ஏல் சில நாளில் கெட்டுவிடும். ஹாப்ஸ் சேர்த்த பியரோ நாள்பட நின்றது, தூரத்துச் சந்தைக்கும் போனது. பெரிய அண்டாக்களும் முதலும் கடனும் தேவைப்பட்டன. அவை பெண்கள் கைக்கு எட்டவில்லை. 1600க்குள் தொழில் ஆண்களுடையதாகிவிட்டது. ஜூடித் பென்னட்டின் 1996ஆம் ஆண்டு நூல் இதை விரிவாகச் சொல்கிறது. காய்ச்சும் பெண்ணைக் குறித்த ‘ப்ரூஸ்டர்’ என்ற சொல் இன்று பெரும்பாலும் குடும்பப் பெயராகத்தான் மிஞ்சியிருக்கிறது. (டெட்லி சின்னத்தில் கோப்பை ஏந்தி நிற்பவரும் ஒரு வேட்டைக்காரக் கனவான்தான்!)

பழைய மதுக்கூடம் ‘எல்லாருக்குமான இடம்’ என்கிறார்கள். லண்டனின் எல் வினோவில் பெண்கள் கவுண்டரில் நின்று வாங்கிக் குடிக்க, 1982இல் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.