உரோமமும் மெய்ப்பாடும்

கணினி கொண்டு விலங்குருவம் சமைக்கும் திரைக்கலைஞர்க்கு நெடுநாள் இடர் விளைத்த பொருள் உரோமமாகும். உலோகத்தையும் பளிங்கையும் கணினி எளிதிற் காட்டும். அவற்றின் மேற்பரப்பு ஒன்றே. உரோமமோ எண்ணிறந்த இழைகளின் தொகுதி. ஒவ்வோரிழையும் ஒளியைத் தெறிக்கும், அயல் இழைமீது நிழல் வீழ்த்தும், உடலசைவிற்கேற்ப வளையும். இதனை உள்ளவாறு காட்டுதலே கலையின் முடிந்த பயனாகுமா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

1989 இல் ஜேம்ஸ் கஜியா, திமோதி கே என்னும் இருவர் இழையை மெல்லிய உருளையாகக் கொண்டு, அதன்மீது ஒளிபடும் வகையைக் கணித்து, கரடிப் பொம்மை ஒன்றின் உருவை ஆக்கிக் காட்டினர். இழை ஒளியைத் தெறிப்பதோடு அமையாது தன்னூடும் புகவிடுகின்றது என்னும் உண்மையை ஸ்ரீவ் மார்ஷ்னரும் துணைவரும் 2003 இல் வெளியிட்ட ஆய்வு கணக்கில் அமைத்தது. தொழின்முறையும் அறியத்தக்கது. கலைஞர் வழிகாட்டி இழைகள் சிலவற்றையே நட்டுச் சீவி வளைப்பர். எஞ்சியவற்றைக் கணினி இடையிடையே நிரப்பும். அடியில் மென்மயிரும் மேலே வன்மயிரும் வேறாக அமையும். நுனிகள் கற்றைகளாகக் கூடும். ஆங்காங்கே ஒழுங்கு சிதையும். ஒழுங்கு மிகின் உயிருடல் தூரிகை போலத் தோன்றும்.

இனி மூன்று படங்களை நோக்குவாம். 2001 இல் வெளிவந்த ‘மொன்ஸ்ரர்ஸ் இன்க்’ படத்தில் சலி என்னும் பூதத்திற்கு 23 இலட்சத்திற்கு மேற்பட்ட மயிரிழைகள் உள. நீலமும் ஊதாவுமான அத்தகைய உயிர் உலகில் யாண்டும் இல்லை. எனினும் சிறுமி அவனை அணைக்கும்போது அம்மென்மையை நாமும் உணர்கின்றோம். முகமோ ஓவியர் கற்பனைக்கு உரியதாகையால் துயரையும் நாணத்தையும் தடையின்றிக் காட்டுகின்றது. 2012 இல் அங் லீ இயக்கிய ‘லைஃப் ஒஃப் பை’ படத்துப் புலி பேசுவதில்லை. கடலிற் பசித்து மெலிந்த அதன் உடலிற் படிந்த உரோமமே கழிந்த காலத்தையும் துன்பத்தையும் உரைக்கின்றது. மனிதவுணர்வை அதன்மீது ஏற்றாமையே அக்கதைக்கு வலிமை. 

2019 இல் ஜோன் ஃபவ்ரோ இயக்கிய ‘லயன் கிங்’ இவ்விரண்டினும் வேறுபட்டது. அதன் சிங்கங்களின் உரோமத்திற் குறைகாண்டல் அரிது. ஆயின் அவை பேசுகின்றன, பாடுகின்றன. தந்தையை இழந்த குட்டியின் குரல் அழ, முகம் வாளாவிருக்கின்றது. 1994 இல் கையால் வரையப்பட்ட முன்னைப் படத்தில் மயிரிழை தனித்தனியே வரையப்படவில்லை, அழுகை இருந்தது. உடலை உலகியல் வழக்கிலும் உரையை நாடக வழக்கிலும் அமைத்து, இரண்டையும் இணைக்கும் முகத்தை மறந்தமையே குறையென்பது எம் கருத்து.

நுட்பவளர்ச்சி தன்னளவிலே பாராட்டற்குரியது என்பார் உளர். அது மெய்யே. எனினும் நுட்பம் கருவி; கருவியின் சிறப்புப் படைப்பின் சிறப்பாகாது. அகத்தெழும் உணர்வு புறத்தே உடலிற் புலப்படுதலை மெய்ப்பாடு என்றனர் நம் முன்னோர். மாணவர் இத்தகு படங்களைக் காணுமிடத்து, இழைகள் எத்தனை என வினாவுதலோடு நில்லாது, அவ்விழைகள் எவ்வுணர்வைப் புலப்படுத்த உதவின எனவும் வினாவுதல் வேண்டும். அவ்வினாவிற்கு விடை தராத உரோமம், எத்துணை நுண்ணியதாயினும், போர்வையே ஆகும்.