அல்ஜீப்ரா வராதவருக்குப் புள்ளியியல் வருமா?

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் கணிதத் தகுதி போதாமல், கிரெடிட் கிடைக்காத அல்ஜீப்ரா வகுப்பிலேயே பலர் தேங்கிவிடுவது பழைய கதை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் 2013-ல் இதற்கு ஒரு மாற்றைச் சோதித்துப் பார்த்தார்கள். லோக், வாட்டனாபி-ரோஸ், டக்ளஸ் மூவரும் 2016-ல் அதைப் பற்றி எழுதிய கட்டுரையைப் போன வாரம்தான் படித்தேன்.

907 மாணவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். அல்ஜீப்ரா மட்டும் படித்தவர்களில் 39% தேறினார்கள். அல்ஜீப்ராவோடு வாராந்திரப் பயிற்சியும் பெற்றவர்களில் 45%. நேரடியாகக் கல்லூரிப் புள்ளியியலில் சேர்ந்து, கூடவே பயிற்சியும் பெற்றவர்களில் 56%.

"கூடுதலா சொல்லிக்கொடுத்தா தேறிடுவாங்க" என்று இதைச் சுருக்குபவர்கள் அந்த 45-ஐக் கவனிப்பதில்லை. பயிற்சியால் கூடியது 6 புள்ளிதான். மீதி 11, பாடத்தை மாற்றியதால் வந்தது. வேறு வேறு பாடங்களின் தேர்ச்சியை ஒப்பிடலாமா என்று எனக்கும் சந்தேகம் வந்தது. ஆனால் மூன்று ஆண்டுகளில் பட்டம் வாங்கியவர்களும் புள்ளியியல் குழுவில்தான் அதிகம்.

நான் பி.இ. அல்ஜீப்ரா எனக்குத் தண்ணி பட்ட பாடு. இருந்தும், பி-மதிப்பு என்றால் என்னவென்று ஆபீஸில் ஏ/பி டெஸ்ட் செய்தபோதுதான் புரிந்தது. ஆகவே இந்த முடிவு எனக்கு ஆச்சரியமாக இல்லை.

ஒன்றை மறக்கக்கூடாது. மேற்படிப்புக்கு அல்ஜீப்ரா தேவைப்படாதவர்களை வைத்துத்தான் இதைச் செய்தார்கள். நாளைக்குப் பொறியியல் பக்கம் போக நினைக்கும் பையனுக்குக் கால்குலஸ் வேணும், அதுக்கு அல்ஜீப்ரா வேணும். சேரும்போதே அவனிடம் இதைச் சொல்லிடணும்.