கை தெரியாத கைவண்ணம்

பள்ளி நூலகத்துப் புத்தகம் ஒன்றை எடுத்ததும் பலர் அட்டையைப் பார்ப்பார்கள். சிலர் பொருளடக்கத்துக்குப் போவார்கள். நூலகத்தை ரசிக்கத் தெரிந்தவர் கடைசித் தாளைத்தான் முதலில் திருப்புவார். அங்கே ஒட்டியிருக்கும் தவணைச் சீட்டு அந்தப் புத்தகத்தின் ஜாதகம். ஜூனில் ஒரு தேதி முத்திரை விழுந்திருக்கும். அதன்பின் காலாண்டு, தீபாவளி, அரையாண்டு, பொங்கல் எல்லாம் கடந்துபோயும் சீட்டில் மை பட்டிருக்காது. பிப்ரவரியில் திடீரென்று வாரத்துக்கு ஒன்றாக நான்கு முத்திரைகள் விழுந்திருக்கும். புத்தகம் அதேதான், பிள்ளைகளும் அவர்களேதான். நடுவில் யாரோ ஏதோ செய்திருக்கிறார். என்ன செய்தார் என்று சீட்டு சொல்லாது. எடுத்துப் படித்த நான்கு பிள்ளைகளைக் கேட்டாலும், "நானாத்தான் எடுத்தேன்" என்பார்கள். அப்படி அவர்களைச் சொல்லவைப்பதுதான் நல்ல பள்ளி நூலகரின் கலை.

இந்தக் கலைக்கு இலக்கணம் வகுத்தவர் ஒரு சீர்காழிக்காரர். 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், மங்களூரிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்து அமர்ந்தபோது அந்த வேலை அவருக்குச் சலித்துவிட்டது. கல்லூரிக்கே திரும்பிவிடத் துடித்தார். லண்டனுக்குப் போய் நூலகக் கல்வி பெற்று வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் பழைய வேலை காத்திருக்கும் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் நூலகத்தை விட்டுப் போகவே இல்லை. 1931இல் வெளியான அவருடைய ஐந்து விதிகளைப் படிக்காமல் இன்று நூலகவியலுக்குள் யாரும் நுழைவதில்லை.

அந்த ஐந்தில் இரண்டாவதையும் மூன்றாவதையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்கிறது ஒன்று. நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்கான வாசகர் கிடைக்க வேண்டும் என்கிறது மற்றது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் சொல்லை வீணாக்காத கணிதக்காரர் காரணத்தோடுதான் பிரித்து வைத்திருக்கிறார். முன்னதில் தேடி வருபவர் மனிதர். கேட்டதை எடுத்துக் கொடுத்தால் போதும். பின்னதில் தேடுவது புத்தகம். அதற்குக் காலும் கிடையாது, வாயும் கிடையாது. அதற்காக நடக்கவும் பேசவும் வேண்டியவர் நூலகர். பல்கலைக்கழகத்துக்கு வருகிறவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தனக்கு எது பிடிக்கும் என்பதே இனிமேல்தான் தெரிய வேண்டும். ஆகவே பள்ளி நூலகத்தில் மூன்றாம் விதிக்குத்தான் வேலை அதிகம்.

அந்த வேலை அலமாரியில் தொடங்குகிறது. புத்தகங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவை. தமிழ்ப் புத்தகங்களில் ஒன்றின் முதுகில் தலைப்பு மேலிருந்து கீழே ஓடும். பக்கத்துப் புத்தகத்தில் கீழிருந்து மேலே ஏறும். வரிசையாகப் படிக்க நினைக்கும் பிள்ளை கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, நாலாவது புத்தகத்தில் அலுத்துப்போகும். கைதேர்ந்த நூலகர் தட்டுக்கு ஒரு புத்தகத்தை மட்டும் அட்டை தெரிய நிறுத்துவார். எல்லாவற்றையும் திருப்பி வைத்தால் எதுவும் கண்ணில் நிற்காது என்று அவருக்குத் தெரியும். அதையும் சிறு பிள்ளையின் கண்மட்டத்தில் வைப்பார். ஆய்வுக்கு வரும் அதிகாரியின் கண்மட்டம் அவருக்குப் பொருட்டில்லை. இதைவிட நுட்பமானது, அந்தப் புத்தகத்தை யாராவது எடுத்துப்போனதும் அவர் காட்டும் பொறுமை. காலியான இடத்தை உடனே நிரப்பமாட்டார். "இங்க என்ன புக் இருந்துச்சு?" என்று ஒரு பிள்ளை வந்து கேட்கும். கேட்ட பிள்ளையின் பெயர் ஒரு துண்டுத் தாளில் ஏறும். புத்தகம் திரும்பி வரும் நாளில் முதல் உரிமை அந்தப் பிள்ளைக்கு.

முதுகே இல்லாத புத்தகங்களும் உண்டு. பதினாறு பக்கத்தை நடுவில் பின் அடித்த சிறுவர் நூல்களை அலமாரியில் செருகினால் தாளோடு தாளாக மறைந்துபோகும். வகுப்பறைக்கே நூல்களைக் கொண்டுவந்த 'புத்தகப் பூங்கொத்து' போன்ற திட்டங்களில் இந்த மெலிந்த நூல்களுக்குத்தான் முக்கிய இடம். சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, கிளிப் போட்டு இவற்றைத் தொங்கவிடுகிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது கயிற்றின் உயரம். பிள்ளையின் கை எட்டாத உயரத்தில் தொங்கினால் அது தோரணம். யாரையும் கேட்காமல் இழுத்து எடுக்க முடிந்தால்தான் நூலகம்.

இனி எண்களுக்கு வருவோம். மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசம வகைப்பாட்டை நம் பள்ளிகள் பலவும் இன்றும் பின்பற்றுகின்றன. முதுகின் அடியில் ஒட்டியிருக்கும் அந்த எண்ணைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அந்த வரிசையில் நடந்து பார்க்கலாம். 595இல் பூச்சிகள், 597இல் மீன்களும் தவளைகளும் பாம்புகளும், 598இல் பறவைகள், 599இல் பாலூட்டிகள். பாம்பைத் தேடி வந்த பையன் ஒரு முழம் தள்ளிக் கை வைத்தால் பருந்தில் போய் நிற்பான். அவன் கேட்காததை அவன் கைக்குப் பக்கத்தில் வைத்திருப்பதுதான் வகைப்பாட்டின் அழகு.

சிக்கலான புத்தகங்கள் வரும்போது நூலகரின் ரசனை வெளிப்படும். மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' நூலை எங்கே வைப்பது? தமிழ்க் கட்டுரை என்று பார்த்தால் 894.811இல் இலக்கியத்தோடு சேர வேண்டும். அங்கே போனால் தமிழாசிரியர் மட்டுமே தொடுவார். இயற்கை என்று பார்த்தால் பறவைப் பித்துப் பிடித்த பிள்ளையின் கண்ணில் படும். ஒரே நூலுக்கு இரண்டு இயல்பு இருந்தால் என்ன செய்வது என்ற இந்தக் கேள்விதான் அரங்கநாதனையும் குடைந்தது. லண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற பொம்மைச் சட்டங்களைப் பார்த்தார். அதே துண்டுகளை மாற்றிப் பூட்டினால் வெவ்வேறு பொருள்கள் உருவாயின. பொருளின் கூறுகளைத் தனித்தனியே எடுத்து இணைக்கும் கோலன் வகைப்பாடு அந்தப் பொறியிலிருந்து பிறந்து 1933இல் நூலாயிற்று. பள்ளி நூலகருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. புத்தகத்தைப் பறவைகளோடு வைத்துவிட்டு, இலக்கிய வரிசையில் அதே பருமனுக்கு ஓர் அட்டையைச் செருகி, 'இது பறவைகளோடு இருக்கிறது' என்று எழுதிவிடுவார். தமிழாசிரியரும் அந்தச் சாக்கில் பறவைகள் பக்கம் வந்துபோவார்.

அலமாரி பேசாத பேச்சு இவ்வளவு. வாய்ப்பேச்சுக்குக் காலை வழிபாட்டுக் கூட்டத்திலோ நூலகப் பாடவேளையின் தொடக்கத்திலோ ஐந்து நிமிடம் கிடைக்கும். அந்த ஐந்து நிமிடத்தின் அருமை எங்கே நிறுத்துவது என்பதில் இருக்கிறது. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் கொண்டுவந்த 'டோட்டோ-சான்' கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜன்னலோரம் நின்று தெருவில் போகும் இசைக்காரர்களைக் கூப்பிட்டதற்காக ஒரு சிறுமியைப் பள்ளியிலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். அம்மா வேறொரு பள்ளிக்கு அழைத்துப் போகிறாள். அங்கே வாசல் கம்பம் உயிருள்ள மரம். வகுப்பறைகள் ரயில் பெட்டிகள். தலைமையாசிரியர் அம்மாவை அனுப்பிவிட்டு, சிறுமியை எதிரே உட்காரவைத்து, உனக்குச் சொல்லத் தோன்றுவதையெல்லாம் சொல் என்கிறார். அவள் நான்கு மணி நேரம் பேசுகிறாள்.

நூலகர் இங்கே புத்தகத்தை மூடிவிட வேண்டும். "அப்படி என்ன பேசினா?" என்று முதல் வரிசையில் ஒரு குரல் எழும். பதில் சொல்லிவிட்டால் கதை அங்கேயே தீர்ந்தது. நல்ல நீதி, அருமையான நூல், அனைவரும் படிக்க வேண்டும் என்றெல்லாம் சேர்த்தால் அது தேர்வு வினாவாகிவிடும். சிரித்துக்கொண்டே புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் பதிவேட்டைத் திறப்பவர்தான் தேர்ந்தவர். ஒரே பிரதி, நான்கு வாரம், நான்கு முத்திரை என்று சீட்டில் தெரியும் கணக்கு இப்படித்தான் உண்டாகிறது.

புத்தகம் திரும்பி வரும்போது கேட்கும் கேள்வியிலும் ஒரு பதம் உண்டு. "படிச்சியா?" என்றால் ஆமாம், இல்லை இரண்டில் ஒன்றுதான் வரும், இரண்டாவது வந்தால் கூடவே குற்ற உணர்ச்சியும் வரும். "எது வரைக்கும் போன?" என்று கேட்டுப் பார்த்தால் பேச்சு வளரும். பாதியில் விட்டதும் ஒரு தகவல்தானே. எங்கே சலித்தது என்று தெரிந்தால் அடுத்த புத்தகத்தை எடுத்துக் கொடுக்க அது போதும்.

எட்டாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பையன் இருப்பான். அவன் கையில் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை எல்லார் முன்னாலும் கொடுத்தால் அவன் அந்த அறைப் பக்கம் திரும்பமாட்டான். "வீட்டுல தங்கச்சி இருக்கால்ல? இதை அவளுக்கு வாசிச்சுக் காட்டு" என்று கொடுக்கிற நூலகரின் சாதுரியத்தை என்னவென்று பாராட்டுவது! தங்கைக்காக அவன் அதை மூன்று முறை வாசிப்பான். தமிழ்நாட்டின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிக்கும் திறனை ஒட்டிப் பிரிக்கப்பட்டிருப்பதிலும் இந்த அக்கறை தெரிகிறது. எந்தப் பிள்ளையும் வகுப்பு எண்ணால் சிறுத்துப்போகக் கூடாது.

பிள்ளைகளைவிடச் சிரமமான வாசகர்கள் ஆசிரியர் அறையில் இருக்கிறார்கள். போர்ஷன் முடிக்க வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும், பதிவேடுகள் நிரப்ப வேண்டும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்ற பொருளில் அரங்கநாதன் சொன்ன நான்காம் விதி இங்கேதான் முழு அர்த்தம் பெறுகிறது. பத்து நூல்களின் பட்டியலைச் சுற்றுக்கு விட்டால் எல்லாரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28க்கு ஒரு வாரம் முன்னால், சி. வி. ராமனைப் பற்றிய சிறு நூல் ஒன்றை அறிவியல் ஆசிரியர் மேசையில் வைத்துப் பார்க்கலாம். 1921 கப்பல் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரைக் கேள்வி கேட்கவைத்த பக்கத்தில் ஒரு துண்டுத் தாள் இருக்கும். அதில், 'சார், இந்த ஒரு பக்கம் மட்டும்' என்று எழுதியிருக்கும். ஒரு பக்கம் படிக்க யாருக்கும் நேரம் உண்டு. ஆசிரியர் அதை வகுப்பில் சொல்வார். மீதி லைப்ரரியில் இருக்கிறது என்றும் சொல்வார். அன்று மாலை நூலகத்துக்கு ஓடி வரும் பிள்ளைகள் அறிவியல் சார் சொன்னதாகத்தான் கேட்பார்கள். பெயர் ஆசிரியருக்குப் போகட்டும் என்று விட்டுக்கொடுப்பதால்தான் அடுத்த துண்டுத் தாளையும் அவர் படிப்பார். பி.டி. சார் கையில் கிரிக்கெட் புத்தகம் ஒன்று இருப்பதை மைதானத்தில் பிள்ளைகள் பார்த்துவிட்டால், அதற்கு ஈடான விளம்பரம் வேறில்லை.

நூலகம் மாடி மூலையில் இருக்கும் பள்ளிகளில் புத்தகப் பெட்டி வகுப்புக்குப் போகும். மாதம் ஒருமுறை வகுப்புகளுக்கிடையே பெட்டிகள் இடம் மாறும். ஐந்து விதிகள் வெளிவந்த அதே 1931இல், அக்டோபர் மாதம், மன்னார்குடிப் பக்கம் மேலவாசலிலிருந்து கனகசபைப் பிள்ளையின் மாட்டுவண்டி நூலகம் கிராமங்களுக்குப் புறப்பட்டது. வராந்தாவில் இரண்டு பிள்ளைகள் தூக்கிப்போகும் புத்தகப் பெட்டி அந்த வண்டியின் வழிவந்தது.

அரங்கநாதனின் கடைசி விதி நூலகத்தை வளரும் உயிராகப் பார்க்கிறது. பள்ளி நூலகத்தின் வளர்ச்சி சற்று விசித்திரமானது. வாசகரின் வயது அங்கே ஏறுவதில்லை. ஒவ்வொரு ஜூனிலும் புதிய ஆறாம் வகுப்பு வந்து நிற்கும். மூப்படைவது புத்தகங்கள். பழைய வானியல் நூல் சூரியனுக்கு ஒன்பது கோள்கள் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும். தூக்கிப்போடுவது ஒரு வழி. படங்கள் நன்றாக இருந்தால் நூலகர் வேறொன்று செய்வார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சீட்டை ஒட்டி, '2006இல் புளூட்டோவுக்கு என்ன ஆயிற்று? 520 வரிசையில் தேடு' என்று எழுதுவார். பிழையே அடுத்த புத்தகத்துக்கு வழிகாட்டும் பலகையாகிவிட்டது. அச்சிட்ட புத்தகமும் தவறலாம், அதைச் சரிபார்க்கலாம் என்ற பாடமும் பிரசங்கமில்லாமல் உள்ளே போய்விட்டது.

இத்தனை நுணுக்கங்களும் கேட்கும் பணம் மிகக் குறைவு. கயிறு, கிளிப், துண்டுத் தாள், பசை இவ்வளவுதான். இவை கேட்பது ஒருவரின் நேரத்தை. எந்தப் பிள்ளை காலியிடத்தைப் பார்த்துக் கேட்டது, யாருக்குத் தங்கை இருக்கிறாள், ஒளியைப் பற்றிய பாடம் எந்த வாரம் தொடங்குகிறது என்பதெல்லாம் அந்த அறையில் நாள் முழுவதும் இருப்பவருக்குத்தான் தெரியும். பல பள்ளிகளில் நூலகம் ஏதோ ஓர் ஆசிரியரின் கூடுதல் பொறுப்பு. சாவி அவரிடம் இருக்கும், நேரம் இருக்காது. பள்ளி நூலகத்தில் எத்தனை ஆயிரம் புத்தகம் என்று விசாரிப்பது நம் வழக்கம். அங்கே உட்காருபவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று விசாரிக்கத் தொடங்கினால், தவணைச் சீட்டுகளில் மைக்குத் தட்டுப்பாடு இருக்காது.