பசிக்கு ஒரு மையம் உண்டா?

இந்தியாவில் மூளை உடலியலுக்கு அடித்தளம் இட்டவர்களுள் பால் கிருஷ்ண ஆனந்த் (1917–2007) முதன்மையானவர். லாகூரில் மருத்துவம் பயின்றவர். புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் உடலியல் துறையை உருவாக்கியவர். எனினும், நம் பாடநூல்கள் அவருடைய ஆய்வை, "பசி மையத்தைக் கண்டவர்" என்ற ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்த வரி போதுமா?

1951-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், ஆனந்தும் ஜான் புரோபெக்கும் எலிகளின் மூளையில் நுண்ணிய மின்முனையைச் செலுத்தினர். ஹைபோதலாமஸ் என்னும் பகுதியின் இரு பக்க ஓரங்களிலும் சிறிதளவு திசுவை மின்னோட்டத்தால் அழித்தனர். எதிரே உணவு இருந்தும் எலிகள் உண்ணவில்லை. எனவே, பசியைத் தூண்டும் மையம் அங்கே உள்ளது என்று முடிவு செய்தனர்.

ஓசூர் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையை எண்ணிப் பாருங்கள். சுவருக்குள் ஓடும் கம்பியை ஓரிடத்தில் வெட்டினால் இயந்திரம் நின்றுவிடும். அதனால் மின்சாரம் அந்தச் சுவரில்தான் உற்பத்தியாகிறது என்று சொல்வோமா? எலியின் மூளையிலும் இதே ஐயம் எழுந்தது. 1971-இல் சுவீடனின் உங்கர்ஸ்டெட், அப்பகுதி வழியாகச் செல்லும் டோப்பமின் நரம்பிழைகளை வேதிப்பொருளால் அழித்தார். அப்போதும் எலிகள் உண்ணவில்லை. அவற்றின் இயக்கமே தளர்ந்துபோயிற்று.

அப்படியானால் ஆனந்தின் முடிவு முற்றிலும் தவறா? இல்லை. அதே பகுதியில் உண்ணத் தூண்டும் ஒரெக்சின் என்னும் பொருளைச் சுரக்கும் செல்கள் 1998-இல் கண்டறியப்பட்டன. அவர் சுட்டிய இடம் சரியே. 'மையம்' என்ற சொல்தான் அளவுக்கு மீறிய பொருளைத் தந்துவிட்டது. பசி பல பகுதிகள் கூடி நடத்தும் வேலை.

வியப்பு என்னவெனில், இத்தகைய எச்சரிக்கையை ஆனந்தின் மற்றோர் ஆய்வே நமக்குக் கற்பிக்கிறது. இதயத்தை நிறுத்திக் காட்டுவதாகக் கூறிய யோகிகளை வெங்கர், பாக்சி ஆகியோருடன் சேர்ந்து அவர் சோதித்தார். அதன் முடிவு 1961-இல் வெளியாயிற்று. மூச்சை அடக்கித் தசைகளை இறுக்கியபோது நாடித் துடிப்பு மங்கியது. இதய ஒலியும் கேட்கவில்லை. ஆனால் மின் இதய வரைவு, இதயம் தொடர்ந்து துடிப்பதைக் காட்டியது. ஒலி கேட்கவில்லை என்பதும் இதயம் நின்றது என்பதும் ஒன்றல்ல. அதுபோலவே, எலி உண்ணவில்லை என்பதும் அதன் பசி அழிந்தது என்பதும் ஒன்றல்ல.

மாணவ நண்பர்களே, நம் நூல்கள் அவருடைய இவ்விரு ஆய்வுகளையும் அருகருகே வைத்து விளக்க வேண்டும். அப்போதுதான் நீங்கள் ஒரு பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், ஒரு சோதனை எதை நிறுவுகிறது, எதை நிறுவவில்லை என்று கேட்கப் பழகுவீர்கள்.