இடைத்தேர்தல் நற்சான்றிதழ் ஆகுமா?

ஈரோடு கிழக்கில் 2025 பிப்ரவரியில் ஆளுங்கட்சி வென்றதும், இது ஆட்சிக்கு மக்கள் தந்த நற்சான்றிதழ் என்ற பேச்சு மீண்டும் எழுந்தது. அதிமுகவும் பாஜகவும் புறக்கணித்த தேர்தல் அது. கட்சி எதுவானாலும், ஆட்சியில் இருப்பவர்கள் இப்படித்தான் பேசுகிறார்கள். இந்தப் பேச்சு எனக்கு ஒருபோதும் உடன்பாடானதில்லை.

இடைத்தேர்தலே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துச் சாத்தூர், தகுதிநீக்கத்தால் 2017 செப்டம்பர் முதல் 2019 மே வரை எம்.எல்.ஏ. இல்லாமல் கிடந்தது. அந்தக் கொடுமை எந்தத் தொகுதிக்கும் வரக்கூடாது. இலங்கையில் காலியிடத்துக்குப் பட்டியலில் அடுத்தவர் வந்துவிடுகிறார். வாக்காளரை யாரும் கேட்பதில்லை. அதைவிட நம் முறை மேல். 2017இல் ஆர்.கே.நகர் ஆளுங்கட்சியைத் தோற்கடித்ததும் உண்மைதான்.

ஆனால் சங்கரன்கோவிலைப் பாருங்கள். ராஜபாளையத்துக்குத் தெற்கே, விசைத்தறி ஓசை ஓயாத ஊர். அமைச்சர் கருப்பசாமி மறைந்ததால் 2012 மார்ச் 18இல் அங்கே வாக்குப்பதிவு. அமைச்சர்கள் கூட்டமாக வந்து முகாமிட்டார்கள். அன்று ஆட்சியிலிருந்த அதிமுகவின் முத்துசெல்வி 68,000க்கும் அதிகமான வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். பெட்டிக்குள் போன வாக்குகள் எண்ணப்படும் முன்பே, மார்ச் 19 அன்று, கூடங்குளம் அணு உலைப் பணிகளைத் தொடர மாநில அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மக்களின் அச்சம் நீங்கும்வரை பணிகளை நிறுத்திவைக்கக் கோரி 2011 செப்டம்பரில் தீர்மானித்த அதே அமைச்சரவை! அணு உலை எதிர்ப்புப் போராட்டம் நடந்த இடிந்தகரையைப் போலீஸ் சூழ்ந்தது. அந்த மாதம் முடிவதற்குள் மின்கட்டண உயர்வும் வந்தது.

இவற்றில் எதைப் பற்றிச் சங்கரன்கோவில் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள்? வினாத்தாளில் கடினமான கேள்விகளை நீக்கிவிட்டு வாங்கிய மதிப்பெண் அது.

வாக்காளரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பாக்லாந்து தீவுகளின் சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர்கள் எட்டே பேர். ஓர் இடம் கைமாறினால் அவையே அசையும். 234 பேர் கொண்ட நம் அவையில், பெரும்பான்மை ஊசலாடும் காலம் தவிர, ஓர் இடத்தால் எதுவும் மாறாது. அது தெரிந்தவர், தன் தெருவுக்குச் சாலையும் குடிநீரும் வருமா என்று பார்த்துத்தான் வாக்களிப்பார். அதை ஆட்சியின் கொள்கைகளுக்கான ஒப்புதலாகக் காட்டுவது அவரை ஏமாற்றும் வேலை.

நற்சான்றிதழ் வேண்டுமென்றால், கட்டண உயர்வையும் கசப்பான முடிவுகளையும் தேர்தல் தேதி அறிவிக்கப்படும் முன்பே வெளியிடட்டும். அவற்றையும் அறிந்து மக்கள் வாக்களித்து ஆளுங்கட்சி வென்றால், அப்போது அந்தச் சொல்லைச் சொல்ல அதற்கு உரிமை உண்டு.