இரைச்சல் நீக்கிய குரலும் மூலபாடமும்

வழக்காய்வின் பொருட்டுப் பேச்சைப் பதிவு செய்வார்க்கு வேளச்சேரி பெருஞ்சோதனையாகும். பறக்கும் இரயிலும் பேருந்தும் பேசுவோர் குரலோடு கலந்தே பதிவாகின்றன. அக்கலவையினின்று ஒரு குரலை மட்டும் பிரித்தெடுக்கும் குறிகைச் செயலாக்க முறைகள் இன்று எளிதிற் கிட்டுகின்றன. அவ்வாறு பெற்ற குரலையே மூலமாகக் கொண்டு ஒலியாய்வு நிகழ்த்தல் பொருந்துமா? பொருந்தாது என்பது எம் துணிபு.

பலர் பேசுமிடத்து ஒருவர் சொல்லை மட்டும் செவி தேர்ந்துகொள்ளும் திறனைக் காலின் செரி 1953-இல் ஆராய்ந்தார். பொறிக்கு அத்திறன் இயல்பன்று. 1979-இல் ஸ்டீவன் போல் வெளியிட்ட கழித்தல் முறை, பேச்சில்லா இடைவெளியில் இரைச்சலின் அதிர்வெண் பரவலை அளந்து, பேச்சுள்ள பகுதியினின்று அதனைக் கழிப்பதாகும். மின்விசிறியின் இரைச்சலுக்கு இது போதும். வண்டிகள் வந்து போகும் தெருவிலோ அளவு பிறழும். பிறழுங்கால் மெலிந்த ஒலிகளே முதலில் அழியும்.

தமிழுக்கு இது சிறு கேடன்று. குற்றியலுகரத்திற்குத் தொல்காப்பியர் வகுத்தது அரை மாத்திரையே. சென்னைப் பேச்சில் ஈற்றுகரம் எத்துணைக் குறுகியுள்ளது என்பதே ஆய்பொருளாயின், அவ்வுகரத்தைப் பேசியவர் ஒலிக்காது விட்டாரா, பொறி விழுங்கிற்றா என எங்ஙனம் துணிவது? செயற்கை நரம்பு வலை முறைகள் இதனினும் நுட்பமானவை, செவிக்கும் இனியவை. எனினும், தாம் பயின்ற பேச்சை ஒட்டியே குறையை நிரப்புதலின், இல்லாத உகரத்தை அவை வருவிக்கவும் கூடும். ஏட்டிற் சிதைந்த எழுத்தை ஊகித்து நிரப்பும் பதிப்பாசிரியர் செயலை இது ஒக்கும். ஆனால் உ. வே. சாமிநாதையர் பாடபேதங்களை அடிக்குறிப்பிற் காட்டினார். பொறி தன் திருத்தத்தைக் காட்டுவதில்லை. பிரித்த குரலைக் கொண்டு சொற்களை அறியலாம். மாத்திரை அளத்தற்கு இரைச்சலோடு கூடிய முதற்பதிவே சான்றாகும்.